மேடேறாத தாச்சி

"இவையள் ஏன் இப்பிடி ஒண்டும் செய்யாமல் விழுந்து கிடக்கினம்?"

"வெயில் காயினம்."

"அப்ப சமையல்?"

"ஆர் சமைக்கிறது? ரெண்டு பாண் துண்டுக்கு நடுவில எதையாவது வைச்சுக் கடிச்சால் அவையளுக்கு முடிஞ்சுது."

"பாக்க வடிவாத்தான் இருக்கு. நாங்களும் ஒரு நாள் இப்பிடி வருவமோ?"

"ஏன் வராமல்? கட்டாயம் வருவம். நீ புட்டை அவிச்சு, ஒரு கோழிக்கறியும் வைச்சுக் கட்டினால் காணும்."

இந்தப் பேச்சு நடந்தது இரட்டை மாடிப் பஸ் ஒன்றின் மேல்தட்டில், முன்வரிசை இருக்கையில். யசோதினி அப்போதுதான் திருமணமாகி லண்டனுக்கு வந்திருந்தாள். பத்மநாதன் பஸ் சாரதி. விடுமுறை நாளிலும் மனைவிக்கு ஊர் சுற்றிக் காட்ட அவருக்குப் பஸ்தான் தெரிந்தது. கீழே ஒரு பெரிய புல்வெளியில் கோடை வெயிலுக்கு ஆண்களும் பெண்களும் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மல்லாந்து கிடந்தார்கள்.

புட்டும் கோழிக்கறியும் என்று அவர் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்குக் கீழே ஒரு வாக்கியம் யசோதினியின் தொண்டைவரை வந்து நின்றது. புட்டும் வேண்டாம், கறியும் வேண்டாம், உங்களுக்குப் பக்கத்தில் நானும் இப்படி ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும் என்பதுதான் அது. புதுப்பெண். கணவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்ற கூச்சம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டாள்.

அந்தப் 'பிறகு' வருவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

இடையில் அவர்கள் எங்கும் போகாமல் இல்லை. பிரைட்டன் கடற்கரைக்குப் போனார்கள். காற்று அடுப்பை அணைத்துவிடுமே என்று யசோதினி கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்று ரொட்டி சுட்டாள். வேல்ஸ் மலைக்குப் போனார்கள். வாடகை வீட்டுச் சமையலறை யன்னலால் மலை தெரிந்தது என்பது அவளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். திரும்பி வந்ததும், "இந்தமுறை இறால் கறி திறம், என்ன?" என்பார் பத்மநாதன். அவருக்கு ஊர்கள் எல்லாம் கறிகளாகத்தான் நினைவில் நின்றன.

அவர் கெட்டவர் அல்ல. குடிக்கமாட்டார். குரல் உயர்த்தமாட்டார். மகள் கம்சிகா பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று, அவளுடைய வெறும் அறைக்குள் போய் நின்று அழுதவர். மனைவிக்கு ஓய்வு இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாமலே காலம் தள்ளுவதற்கு அந்த வீட்டில் எல்லா வசதியும் இருந்தது.

மே மாதக் கடைசியில் கம்சிகா விடுமுறைக்கு, லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலிருந்த வீட்டுக்கு வந்திருந்தாள். இரவுச் சாப்பாட்டு மேசையில் போனைத் தகப்பன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, லுக். இந்த இடத்தில ஃப்ரீயா காம்ப் பண்ணலாம்."

இடியப்பத்தைக் குழைத்துக்கொண்டிருந்த பத்மநாதனின் கை நின்றது. "காசில்லாமலோ? மெய்யாவோ?"

"ஓம். டார்ட்மோர். இங்கிலாந்தில வேற இடங்களில நினைச்ச மாதிரி டென்ட் அடிக்க ஏலாது. அங்க சில வெளிகளில விடுவினம்."

"ஒரு சதமும் இல்லை?"

"இல்லையப்பா."

"பதிவு?"

"அதுவும் இல்லை. காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கு நடந்து போகவேணும்."

"நடக்கிறதுதானே. கடவுள் கால் தந்திருக்கிறார்." கை கழுவ முன்னரே தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் தம்பி றஜீவனுக்குப் போன் போட்டார். "டேய், சும்மா விடுறாங்களாம். சும்மா!"

அன்றிரவே வாட்ஸ்அப் குழு ஒன்று பிறந்தது. றஜீவன், அவன் மனைவி சுலோச்சனா, அவர்களின் பிள்ளைகள், றஜீவனின் நண்பர்கள் இரண்டு குடும்பம். கம்சிகா அங்கே தங்குவதற்கான விதிகள் எழுதியிருந்த பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பினாள். எல்லோரும் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

றஜீவன் குரல் செய்தி அனுப்பினான். "அண்ணி! இரவுக்குக் கொத்து ரொட்டி. அந்தக் குளிருக்க, வெளியில நிண்டு, சுடச்சுட. நினைக்கவே வாயூறுது. உங்கட பெரிய தாச்சியை மறந்திடாதேங்கோ."

அந்தத் தாச்சி குடும்பத்தில் பிரசித்தம். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, செத்தவீட்டு அந்தியேட்டி எதுவானாலும் இரண்டு கைப்பிடியும் அகன்ற வாயுமுள்ள அந்த இரும்புச் சட்டிதான் முதலில் காரில் ஏறும். அதற்குப் பிறகு யசோதினி ஏறுவாள்.

விதிகளைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அவள்தான். மருந்துக்கடையில் வேலை. மத்தியான இடைவேளையில், கடையின் பின்னறையில் மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே இருந்து வாசித்தாள். முதுகில் சுமக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோக வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்துக்கு நடக்க வேண்டும். சின்னக் கூடாரம். தீ மூட்டக் கூடாது. பெரிய கூட்டமாகப் போகக் கூடாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீங்கள் படுத்து எழும்பியது புல்லுக்கே தெரியக் கூடாது.

அவளுக்கு இது பெரிய புதினமாக இருந்தது. இப்படியும் ஒரு பயணமா? அன்றிரவு மகளின் அறை வாசலில் போய் நின்றாள்.

"கம்சி, சாமான் முழுக்க முதுகிலயோ கொண்டு போறது?"

"ஓம் அம்மா."

"அடுப்பு?"

கம்சிகா கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு பையை இழுத்தாள். போன வருடம் சிநேகிதிகளோடு இசைவிழாவுக்குப் போனபோது வாங்கியது. இருவர் படுக்கும் கூடாரம், கைக்குள் அடங்கும் ஒரு சின்ன வாயு அடுப்பு, தகரக் குவளைகள். யசோதினி அடுப்பை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளையாட்டுச் சாமான் போல இருந்தது.

"இதில என்ன சமைப்பினம்?"

"சமைக்க மாட்டினம். தண்ணி கொதிக்க வைப்பினம்."

"பேந்து என்ன செய்வினம்?"

"நத்திங், அம்மா. சும்மா இருப்பினம்."

"பின்னேரம் முழுக்கவோ?"

"ஓம்."

"சீ, உண்மையாவோ?" என்று கேட்டாள். தாயின் முகத்தில் அந்த ஆவலைக் கண்டு கம்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப தாச்சி?" என்று யசோதினி மேலும் கேட்டாள்.

"ஆர் தாச்சியை மலையில ஏத்துறது?"

யசோதினி சமையலறைக்குப் போனாள். தாச்சியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். இந்தத் தாச்சியும் அந்த மலையும் நேருக்கு நேர் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்று அறியும் ஆவல் அவளைப் பிடித்துக்கொண்டது. யாராவது கேட்டிருந்தால் விதிகளைச் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிய முன்னரே எழுந்து மத்தியானத்துக்குப் புட்டும் கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து கட்டினாள். கொத்துக்கு மாக் குழைத்து, லீக்ஸ் வெட்டி, தாச்சியும் வாயுச் சிலிண்டரும் எடுத்து வைத்தாள். கடைசியாக மகளின் பையையும் ஓரமாகச் செருகினாள். அதற்குள் கொஞ்சம் தேயிலை, சீனி, பால்மா, ஒரு பிஸ்கட் பக்கற். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

பத்மநாதன் குளித்து, தலை வாரி, கார்ச் சாவியோடு வந்தார். "யசோ, எல்லாம் வைச்சாச்சே?" என்று கேட்டார். பயணத்துக்கு அவர் செய்யும் ஆயத்தம் அது.

வழியெல்லாம் அவர் தன்னுடைய பெயர்பெற்ற கதையைச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு நாள் அவருடைய ஓய்வு நேரத்தில், 'ஆள் குறைவு, இன்னொரு சுற்று ஓடு' என்றார்களாம். "நான் சொன்னன், ஏலாது. இது என்ர பிறேக். சாரதி களைச்சால் பஸ் கவிழும். சட்டம் சட்டம்தான். போர்டில 'சேவையில் இல்லை' எண்டு போட்டுட்டு, பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி குடிச்சன். அவங்கள் கத்திக் களைச்சிட்டாங்கள்."

கம்சிகா இந்தக் கதையைக் குழந்தையிலிருந்து கேட்டு வருகிறாள். "லெஜெண்ட், அப்பா," என்றாள்.

நெடுஞ்சாலையோரத் தரிப்பிடத்தில் கார் நின்றது. பத்மநாதன் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். "சாரதிக்கு ஓய்வு கட்டாயம்." பின்னால் வந்த றஜீவன் வாகனத்தின் பிள்ளைகள் ஓடி வந்து யசோதினியைச் சூழ்ந்தார்கள். அவள் கார்ப் பெட்டியைத் திறந்து நின்று, முதல் நாளே பொரித்து வைத்த ரோல்ஸ் பரிமாறினாள். அவள் சாப்பிட நினைத்தபோது ரோல்ஸும் முடிந்துவிட்டது, ஓய்வும் முடிந்துவிட்டது.

மத்தியானம் திரும்பும் நேரத்தில் டார்ட்மோர் வெளியின் ஓரத்தில், நடைபாதை தொடங்கும் கார் நிறுத்துமிடத்தில் வந்து இறங்கினார்கள். மரமே இல்லாத பெரிய பெரிய மேடுகள். உச்சிகளில் யாரோ அடுக்கிவிட்டுப் போன மாதிரிப் பாறைகள். கட்டையான குதிரைகள் தங்கள் பாட்டில் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஆகா," என்றார் பத்மநாதன். "சரி, இறக்குங்கோ."

பந்தல் கம்பிகள் இறங்கின. மேசை இறங்கியது. கதிரைகள், தண்ணீர் கான், வாயுச் சிலிண்டர், மூன்று கால் அடுப்பு, கடைசியில் தாச்சி. புட்டுப் பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், ஒரு குதிரை வந்து மூக்கை நுழைத்தது. சுலோச்சனா கத்தினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். "இது யாழ்ப்பாணத்துக் குதிரைதான், தேங்காய்ப்பூ மணத்துக்கு வந்திருக்கு," என்றான் றஜீவன்.

அந்த நேரம் பார்த்துப் பச்சை மேற்சட்டை போட்ட, அந்த வெளியைப் பராமரிக்கும் அலுவலர் ஒருத்தி வந்தாள். இளம்பெண். முதலில் குதிரையை மெதுவாக ஒதுக்கினாள். அவற்றுக்குச் சாப்பாடு கொடுத்தால் அவை தெருவுக்கு வந்து வாகனத்தில் அடிபடும் என்றாள். பிறகு பந்தலையும் சிலிண்டரையும் தாச்சியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். மரியாதைக்குக் குறைவில்லாமல், ஆனால் தெளிவாகச் சொன்னாள். கார் நிறுத்துமிடத்தில் தங்க முடியாது. இந்த அடுப்பு கூடாது. இத்தனை பேர் ஒன்றாகத் தங்க முடியாது. இரண்டொருவர் சின்னக் கூடாரத்தோடு அந்த மேட்டுக்கு அப்பால் நடந்து போகலாம். மற்றவர்கள் கட்டணம் செலுத்தித் தங்கும் முகாம் தோட்டம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. அங்கே பெரிய அடுப்பும் மூட்டலாம்.

அவள் போனதும் எல்லோரும் பத்மநாதனைப் பார்த்தார்கள்.

"சும்மா எண்டு சொன்னியள்?" என்றான் றஜீவன்.

"சும்மாதான். ஆனா சும்மாவுக்கு இவ்வளவு சட்டம் இருக்குமெண்டு ஆர் கண்டது?" பத்மநாதனுக்கு வெட்கமாகிவிட்டது. சட்டப்படி கூடாதென்று, சுடச்சுடக் கோழிப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறுபவர்களைத் தினமும் கீழே இறக்கிவிடுகிறவர் அவர்.

"ஐ சென்ட் த லிங்க்," என்றாள் கம்சிகா. "எல்லாரும் தம்ஸ் அப் போட்டனீங்கள்."

புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்தார்கள். எல்லோரும் அந்த முகாம் தோட்டத்துக்குப் போவது. காசு போனால் போகட்டும், கொத்துப் போகக் கூடாது. றஜீவன் தாச்சியைத் தூக்கித் தன் வாகனத்தில் வைத்தான். அதன் அருகே இருக்கையில் கிடந்த தன் பிள்ளைகளின் பையை ஒதுக்கி இடம் பண்ணினான்.

"அண்ணி, நீங்கள் இதில ஏறுங்கோ. தாச்சியைப் பிடிச்சுக்கொண்டு வரலாம்."

யசோதினி ஏறவில்லை. அவள் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒற்றையடிப் பாதை ஒன்று புல்லுக்குள் வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் பாறைக்குப் பின்னால் மறைந்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கும்?

"நான் நடக்கப் போறன்," என்றாள்.

"எங்க?"

"அந்த மேட்டுக்கு அங்கால."

றஜீவன்தான் முதலில் வாய் திறந்தான். "என்ன அண்ணி பகிடி விடுறியள்? நீங்கள் இல்லாட்டி கொத்து ஆர் போடுறது?"

"மா குழைச்சுக் கிடக்கு. லீக்ஸ் வெட்டிக் கிடக்கு. கறி கிடக்கு. தாச்சி உங்கட வாகனத்தில கிடக்கு," என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

பத்மநாதன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "தனியவோ போகப் போறாய்?"

"நீங்களும் வந்தால் தனிய இல்லை."

கம்சிகா ஓடிப்போய்த் தன் பையை எடுத்து வந்து தகப்பனின் தோளில் மாட்டினாள். "டென்ட் ரெண்டு பேருக்குத்தான். கோ, அப்பா. நான் சித்தப்பாவோட ரொட்டி தட்டுறன்."

பத்மநாதன் தன் தோளில் ஏறிய பாரத்தையும், கிளம்பிக்கொண்டிருந்த தாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நடந்தார்.

பாதை ஒடுக்கம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். யசோதினி முன்னால் போனாள். இத்தனை வருடத்தில் அவள் முன்னால் போய் அவர் பின்னால் போனது அன்றுதான். அவள் ஒவ்வொன்றுக்கும் நின்றாள். வெள்ளைப் பஞ்சு போலத் தலையாட்டிய புல்லைத் தொட்டுப் பார்த்தாள். மேலே கண்ணுக்குத் தெரியாமல் பாடிக்கொண்டிருந்த குருவியைத் தேடினாள். "இஞ்சாருங்கோ, கவனம், சேறு," என்று திரும்பிச் சொல்லிவிட்டு மறுபடி விரைந்தாள். இவளுக்கு இப்படி நடக்கத் தெரியுமா என்று அவர் வியந்தார்.

பாதி மேட்டில் பத்மநாதன் நின்று காற்றை முகர்ந்தார். "ஆரோ கிட்டடியில சமைக்கினம். தேங்காய்ப்பால் மணக்குது."

அவளுக்கும் மணத்தது. சுற்றிலும் ஒரு மனிதரும் இல்லை. அவள் மணத்தின் பின்னால் போய், மஞ்சள் பூ மூடிய ஒரு முட்புதருக்குள் முகத்தை வைத்தாள். "இந்தப் பூத்தான்! இஞ்ச வந்து மணந்து பாருங்கோ!" முள் குத்தாமல் அவரும் குனிந்தார். அச்சாகத் துருவிய தேங்காயின் மணம்.

"என்ன அதிசயம்," என்றார். "புட்டு அவிக்கிற மாதிரி இருக்கு."

"ஆனா ஒருத்தரும் அவிக்கேல்லை," என்றாள் அவள். அந்த எண்ணம் அவளுக்கு இனிப்பாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தேங்காய் மணந்த இடத்தில் அவளுக்கு வேலை இல்லை.

மேட்டுக்கு அப்பால் ஒரு பள்ளம். நடுவில் சின்ன ஓடை. அதற்கு அப்பால் இன்னொரு மேடு, அதற்கு அப்பால் இன்னொன்று. ஒரு வீடு இல்லை, தெரு இல்லை. பாறை ஒன்றின் மறைவில் பத்மநாதன் கூடாரம் அடிக்கத் தொடங்கினார். ஒரு கம்பியைச் செருகினால் மற்றது கழன்றது. பஸ்ஸையே ஒடுங்கிய சந்தில் திருப்புகிற மனிதர், ஒரு துணியோடு மல்லுக்கட்டினார். உதவிக்குப் போகக் கால் எழுந்தும் யசோதினி போகவில்லை. பாறையில் சாய்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். கடைசியில் கூடாரம் ஒரு பக்கம் சரிந்தபடி நின்றது.

"சாய்ஞ்சு போச்சுது," என்றார்.

"நிக்குதுதானே. காணும்," என்றாள்.

வெயில் தணிந்து நீண்ட மாலை தொடங்கியது. அப்போது போன் அடித்தது. பாறையடியில் எப்படியோ சமிக்ஞை கிடைத்திருந்தது. "அண்ணி, உப்பு எங்க வைச்சனீங்கள்?" யசோதினி சொன்னாள். சிறிது நேரத்தில் மறுபடி. "அண்ணி, லீக்ஸ் முதலோ, முட்டை முதலோ?" அதையும் சொன்னாள். போனை வைத்துவிட்டு, காலுக்குக் கீழே ஓடிய ஓடையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் ஒண்டு கேக்கட்டே?"

"கேளன்."

"அண்டைக்கு உங்களை இன்னொரு சுற்று ஓடச் சொல்லேக்க, ஏலாது எண்டு சொன்னனீங்கள்தானே. பேந்து அந்த ஸ்டொப்பில நிண்ட சனம் என்ன செய்தது?"

பத்மநாதன் திகைத்தார். இந்தக் கதையை எத்தனையோ மேசைகளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "என்ன செய்யிறது? கொஞ்ச நேரம் நிண்டு புறுபுறுத்திருக்கும். பேந்து அடுத்த பஸ்ஸில ஏறியிருக்கும்."

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை?"

"சீ, பிறேக் எடுத்தால் என்ன நடக்கும்? நான் எடுத்தால் இன்னொருத்தன் ஓடுவான். அதுக்குத்தானே அத்தனை பேர்."

"ஓம்," என்றாள் யசோதினி. அப்போதுதான் கண்டுபிடித்தவள் போல, குற்றம் சாட்டாமல், மெதுவாகச் சொன்னாள். "எங்கட வீட்டிலதான் அடுத்த பஸ் இல்லையப்பா."

பிரைட்டனில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு பெண்ணின் உருவம் பத்மநாதனின் கண்ணுக்குள் வந்தது. தான் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்ததும், கை நீட்டியபோதெல்லாம் சூடான ரொட்டி வந்ததும் நினைவுக்கு வந்தது. காலையில் தரிப்பிடத்தில் இருக்கையைச் சாய்த்து மூடிய தன் கண்களும் நினைவுக்கு வந்தன. காசில்லாமல் கிடைக்கிறது என்று துள்ளிக்கொண்டு இந்த வெளிக்கு வந்தார். காசில்லாமல் இத்தனை வருடம் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது வேறொன்று. அதற்கு ஒரு விதி கூட இருக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. யசோதினியின் கை எழ முன்னர் அவர் எடுத்தார்.

"அண்ணி, ரொட்டி தாச்சியில ஒட்டுது, என்ன செய்ய?"

"அண்ணி இல்லை, நான்."

"அண்ணை, அண்ணியிட்டக் குடுங்கோ, கெதியா! கருகுது!"

"ஏலாது. அவ பிறேக்கில நிக்கிறா."

"எப்ப முடியும்?"

"டேய் றஜீவன், வடிவாக் கேள்." பத்மநாதன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஒராள் அடுப்படியில நிக்க, மிச்ச எல்லாரும் வாய் பாக்கிறது குடும்பப் பயணம் இல்லையடா. அது எங்களுக்குத்தான் பயணம். அவவுக்கு இடம் மாறின வேலை. பஸ் ஓட்டுறவனுக்கு ஓய்வு உரிமையெண்டால், வீட்டை ஓட்டுறவளுக்கும் அது உரிமைதான். அவ கேக்க முன்னமே நாங்கள் குடுத்திருக்க வேணும். எனக்கு இவ்வளவு காலமும் விளங்கேல்லை. நீயாவது இண்டைக்கு விளங்கிக்கொள்."

மறுமுனையில் சட்டகப்பை விழுந்த சத்தம். பிறகு சுலோச்சனாவின் குரல் தூரத்திலிருந்து கூவியது. "அண்ணை, இன்னும் நல்லா உறைக்கச் சொல்லுங்கோ! நானும் கதிரையில இருந்திட்டன்!" கம்சிகாவும் பிள்ளைகளும் விசில் அடித்தார்கள்.

"அப்ப ரொட்டி?" என்றான் றஜீவன் பரிதாபமாக.

"ஒட்டினால் சுரண்டிச் சாப்பிடுங்கோ."

போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். திரும்பிப் பார்த்தபோது யசோதினி சிரித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியும் இருந்தது. அவர் அவளுக்குப் பக்கத்தில் புல்லில் அமர்ந்தார். அவளைப் பார்த்துத் தானும் சப்பாத்தைக் கழற்றினார். மஞ்சள் வெயில் மேடுகளின் மேல் சரிந்து கிடந்தது. இன்னும் வெகுநேரம் இருட்டாது.

"யசோ," என்றார். "உனக்கு என்ன வேணும்? சொல்லன்."

'எனக்கென்ன, ஒண்டும் வேண்டாம்' என்ற பழைய பதில் வழக்கம்போல உதடுவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். அதற்குப் பின்னால், ஒரு பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து இத்தனை காலமும் காத்திருந்த மற்றது மெல்ல மேலே வந்தது. அவள் புல்லில் மல்லாந்து படுத்தாள். வானத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்களுக்குப் பக்கத்தில நான் இப்பிடி ஒண்டும் செய்யாமல் கிடக்க வேணும். அந்தப் பையில தேயிலை, சீனி எல்லாம் கிடக்கு. எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோ. எப்பிடிப் போடுறதெண்டு மட்டும் என்னட்டக் கேக்காதேங்கோ."